தனியார் கிளவுடா, ஹைபிரிட் கிளவுடா: ஒரு நிறுவனம் தீர்மானிக்கும் முறை

கிளவுட் என்பது சர்வர், சேமிப்பிடம் போன்ற கணினி வளங்களைப் பொதுவாகத் திரட்டி வைத்து, தேவைப்படும்போது வலைப்பின்னல் வழியே எடுத்துப் பயன்படுத்தும் முறை. தனியார் கிளவுட் என்பது ஒரே நிறுவனத்தின் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது. அதன் சர்வர்கள் நிறுவனத்தின் வளாகத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட வரையறைப்படி, தனித்தனியே இயங்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிளவுட்கள், தரவும் மென்பொருளும் இடம் மாறக்கூடிய வகையில் பிணைக்கப்பட்டிருந்தால் அது ஹைபிரிட் கிளவுட். அலுவலகத்தில் நான்கு சர்வர்களும் வெளியே ஒரு மின்னஞ்சல் சேவையும் வைத்திருப்பதை ஹைபிரிட் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

முதலில், நிறுவனத்திடம் உள்ள தரவுகளைப் பட்டியலிட்டு, எதற்கு எந்தச் சட்டக் கட்டுப்பாடு உண்டு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பணப்பரிமாற்ற அமைப்புகளின் தரவு முழுவதும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. இதைக் காட்டி, தனியார் கிளவுட் தவிர வேறு வழியில்லை என்று சில விற்பனையாளர்கள் வாதிடுவதுண்டு. உத்தரவு பேசுவது தரவு இருக்கும் நாட்டைப் பற்றி. மும்பையிலும் சென்னையிலும் புனேயிலும் பொது கிளவுட் நிறுவனங்களின், அதாவது கணினி வளங்களைப் பலருக்கும் வாடகைக்குத் தரும் நிறுவனங்களின், தரவு மையங்கள் இயங்குகின்றன. ஆகவே, சட்டத்தைக் காரணம் காட்டுபவரிடம் எந்த விதி, எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, ஓராண்டுக்கான சர்வர் சுமையை வரைபடமாகப் பார்க்க வேண்டும். சம்பளப் பட்டியல், கணக்கு, கிடங்கு இருப்பு போன்றவை ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே அளவில் ஓடுபவை; இவை மட்டுமே உள்ள நிறுவனத்துக்குத் தனியார் கிளவுட் போதும். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் பல மடங்கு கூட்டம் வரும் இணைய ஜவுளிக் கடைக்கு, அந்த உச்சத்துக்கென சர்வர் வாங்கி மற்ற மாதங்களில் சும்மா வைத்திருப்பது வீண் செலவு; அந்த உச்சத்தை மட்டும் பொது கிளவுடுக்கு அனுப்ப ஹைபிரிட் வழிசெய்யும்.

ஆனால் உச்சச் சுமை மட்டும் ஹைபிரிட்டுக்குப் போதிய காரணமாகாது. அந்தச் சுமையைத் தரவுத்தளத்திலிருந்து பிரிக்க முடியுமா என்பதே உண்மையான கேள்வி. இணையப் பக்கம் பொது கிளவுடிலும் தரவுத்தளம் நிறுவனத்திலும் இருக்க, ஒவ்வொரு வினவலும் (தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கோரிக்கை) போய்வர 20 மில்லி விநாடி ஆகிறது என்று கொள்வோம். ஒரு பக்கத்தைத் திறக்க 100 வினவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 2 விநாடிகள் பாதையிலேயே கழிந்துவிடும். மென்பொருளைத் திருத்தி எழுதாமல் இது தீராது.

செலவைக் கணக்கிடும்போது, தனியார் கிளவுடில் மின்சாரம், குளிரூட்டல், உரிமக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். தனியார் கிளவுட் அமைக்கப் பயன்படும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கிய பிறகு நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை வந்தது. பழைய விலையை வைத்துத் திட்டமிட்டவர்களின் கணக்கு மாறிப்போனது. தனியார் கிளவுட் அமைக்க உதவும் திறமூல மென்பொருளான ஓபன்ஸ்டாக்குக்கு உரிமக் கட்டணம் இல்லை என்றாலும் அதை நிர்வகிக்கத் தெரிந்த ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. ஹைபிரிட்டில் தனி இணைப்பு, பொது கிளவுடிலிருந்து தரவை வெளியே எடுக்கும் கட்டணம், இரு பக்கமும் ஒரே பயனர் அடையாள முறை, இரண்டையும் அறிந்த ஊழியர்கள் என்று செலவு நீளும். இந்தக் கடைசி இனத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஹைபிரிட்தான் என்று முடிவானால், காப்புப் பிரதிகளையும் சோதனைச் சூழலையும் முதலில் நகர்த்துவது பாதுகாப்பானது. விற்பனை தொடர்பான மென்பொருளை நகர்த்துவதற்கு முன், வேலை குறைந்த ஒரு நாளில் இரு பக்கத்தையும் இணைக்கும் தொடர்பை வேண்டுமென்றே துண்டித்து, எந்தெந்தப் பணிகள் நிற்கின்றன என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.