சுண்ணாம்புப் பாறைச் சிகரத்தை வரைபடத்தில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போகிற பிள்ளைகளுக்கு வரைபடம் படிக்கச் சொல்லித்தருகிறேன். இப்போது பயிற்சிக்கு எடுத்திருப்பது ஸ்லோவேனியாவின் மிக உயரமான சிகரம் திரிக்லாவ், 2,864 மீட்டர், சுண்ணாம்புப் பாறையாலானது. ஆரம்பத்தில் நான் செய்த அதே தப்புகளை அவர்களும் செய்வதால்தான் இதை எழுதுகிறேன். அளவுகோலைப் பார்க்க மறப்பது, சம உயரக் கோட்டைத் தப்பாக எண்ணுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

முகட்டை வைத்துத் தண்ணீரைப் பிரிப்பது

முகட்டின் மேல் ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் பெய்கிற மழை இந்த ஆற்றுக்கு, அந்தப் பக்கம் பெய்வது அந்த ஆற்றுக்கு என்று முடித்துவிடுகிறார்கள். ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலைக்குப் போய்ப் பழகிய கண் அது. அங்கே பாறை கரையாது, தண்ணீர் மேலேயே ஓடிக் குட்டை குட்டையாகத் தேங்கும். திரிக்லாவில் மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, பாறை விரிசலைக் கரைத்துக் கரைத்து அகலமாக்கிவிட்டது, அதனால் பெய்த இடத்திலேயே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அங்குள்ள ஏரிப் பள்ளத்தாக்கின் நீர் தரைக்கடியில் போய், கீழே சாவித்சாவில் செங்குத்துப் பாறைக்குள்ளிருந்து அருவியாகக் கொட்டி, போஹீன் ஏரியில் சேர்கிறது. திரிக்லாவ் இருக்கும் ஜூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 1,500 மீட்டர் ஆழம் போகும் குகை கூட உண்டு. எந்த நீர் எங்கே வெளிவருகிறது என்பதைச் சாயம் கலந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும்.

கூடாரம் போட இடம் குறிக்கச் சொன்னேன். ஒரு தம்பி கழிப்பிடத்தைக் கொண்டுபோய் ஒரு குழிக்குள் வைத்து, 'அருகில் ஓடை இல்லை, பாதுகாப்பானது' என்று எழுதியிருந்தான். குழியைச் சுற்றிய சம உயரக் கோட்டின் உட்புறம் சின்னச் சின்னப் பற்கள் மாதிரி வரைந்திருக்கிறதே, அதுதான் தண்ணீர் உள்ளே போகிற வாய்! எத்தனை முறை சொன்னாலும் இதே இடத்தில் யாராவது வைக்கிறார்கள், எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. மீஞ்சூர் பக்கம் மணலில் நீர் மெதுவாக ஊறி ஓரளவாவது வடிகட்டப்படும். அகன்ற விரிசலில் வடிகட்ட ஒன்றுமில்லை, மேலே போட்ட அழுக்கு அப்படியே அடிவாரத்து ஊற்றில் வந்து நிற்கும், அதைத்தான் ஊர் குடிக்கிறது.

மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்புவது

கிடைக்காது. சுமந்து போங்கள்.

நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது

பாறையைப் புதிதாக உடைத்த பரப்பில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. சுண்ணாம்புப் பாறை உடனே நுரைக்கும். டோலமைட் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் பொடியாக்கினால்தான் நுரை தெரியும்.

கடல் அவ்வளவு உயரம் ஏறியது என்பது

சிகரத்துப் பாறையில் கடல் மட்டி இருப்பதைப் பார்த்து இப்படி நினைக்கிறார்கள். ஏறவில்லை, கடல் தரைதான் மேலே தூக்கப்பட்டது. 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பாறையில் இதய வடிவில் வெள்ளைக் கோடுகள் தெரியும், பெரிய மட்டியின் குறுக்குவெட்டு அது. படத்தைக் காட்டியதும் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுப் பெண் ஒருத்திதான் முதலில் கண்டுபிடித்தாள்.

எல்லாம் பனியாறு செதுக்கியது என்பது

பாதி உண்மை. கத்தி முனை மாதிரி விளிம்புள்ள பள்ளங்கள் மழை கரைத்தவை. அவற்றின் மேல் நடக்க, வரைபடத்துத் தூரத்தை நம்பாமல் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், ஈரமாக இருந்தால் இன்னும் கூடுதலாக.