கோத்திக் கதை எழுத ஒரு லயத்து வீடு போதும்

நான் முதன்முதலாக எழுதிய கோத்திக் கதையில் பனிமூட்டம், கணப்பு அடுப்பு, ஓநாய் ஊளை எல்லாம் இருந்தன. கதை நடந்த இடம் சுங்கை சிப்புட், மலேசியாவில் கித்தா என்கிற ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். எழுதி முடித்த கையோடு பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏண்டா, காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு கித்தா காட்டுக்குப் போனவகிட்ட வந்து இருட்டக் காட்டிப் பயமுறுத்துறியா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். அந்தக் கதையைக் கிழித்துப் போட்ட பிறகு, நாலைந்து வருடம் தப்புத் தப்பாக எழுதிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கோத்திக் என்றால் பேய்க்கதை என்ற நினைப்பை விடுங்கள். 1764இல் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 'ஒட்ராண்டோ கோட்டை' என்று ஒரு நாவல் எழுதினார், மறுபதிப்பில் அதற்கு 'ஒரு கோத்திக் கதை' என்று துணைத்தலைப்பு வைத்தார், அங்கிருந்துதான் இந்த வகைக்கே பெயர் வந்தது. அதன் எலும்புக்கூடு ரொம்ப எளிது: தாத்தன் செய்த பாவம் ஒன்று, அதை மறைத்து வைத்திருக்கும் வீடு ஒன்று, கணக்குத் தீர்க்க மாட்டிக்கொள்ளும் பேரப்பிள்ளைகள். பேய் வந்தாலும் வராவிட்டாலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும். பேய் வெறும் தபால்காரன், கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கதை.

இங்கேதான் நமக்கு ஒரு சிக்கல். ஆங்கிலேயர் கதைகளில் மாட்டிக்கொள்பவர் வீட்டின் வாரிசு. நம் ஆட்களுக்கு எந்த வீடு சொந்தம்? தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயம் கம்பெனிக்குச் சொந்தம், மேட்டில் நிர்வாகியான துரை இருக்கிற பங்களாவும் கம்பெனிக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போச்சு. அங்கே வீட்டைவிட்டு வெளியேற முடியவில்லையே என்று பயம், இங்கே எப்போது வெளியேற்றுவார்களோ என்று பயம். செத்தவர்கள் இங்கேயே புதைந்து கிடக்க, உயிரோடு இருப்பவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் போதும், பாதிக் கதை தானாக வந்துவிடும்.

எனவே பங்களாவைத் துரையின் கண்ணால் பார்க்காதீர்கள். அதைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் கண்ணால் பாருங்கள். அவளுக்குப் பின்வாசல் மட்டும்தான் தெரியும். எந்த அறையில் எவ்வளவு தூசி படியும், எந்தத் தலையணையில் எண்ணெய் ஒட்டும் என்பது தெரியும், பூட்டிய அறையைப் பற்றிக் கேட்க மட்டும் வாய் வராது. கோத்திக் கதைக்கு வேண்டிய அரைகுறை அறிவு அவளிடம் இயல்பாகவே இருக்கிறது, நீங்கள் வலிந்து எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு பத்தியை எடுத்துக் காட்டுகிறேன். என் பழைய கதையில் இப்படி இருந்தது: "இருண்ட பங்களாவின் கதவு கிறீச்சிட்டது. மர்ம உருவம் ஒன்று அஞ்சலையை உற்றுப் பார்த்தது. அவள் உடல் நடுநடுங்கியது." இதில் அஞ்சலையை எடுத்துவிட்டு யாரை வேண்டுமானாலும் போடலாம், பங்களாவை எடுத்துவிட்டு மருத்துவமனையைக்கூட வைக்கலாம், ஒன்றும் குறையாது. திருத்தி எழுதியது இது (கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா): "பெரிய துரை சீமைக்குப் போய் மூன்று வாரமாகிறது. இன்றைக்கும் படுக்கையறைத் தரையில், ஜன்னலிலிருந்து கட்டில் வரைக்கும், காய்ந்த ரப்பர் பால் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. அஞ்சலை குந்தி உட்கார்ந்து நகத்தால் சுரண்டி எடுத்தாள். கிராணியாரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஒழுங்காகக் கூட்டவில்லை என்று அரைநாள் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்." பேயைவிடச் சம்பளம் போவது பெரிய பயமாக இருக்கிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் வாசகருக்கு வயிற்றைப் பிசையும்.

அடுத்து, அந்தப் பழைய பாவம் எது என்று முடிவு செய்யுங்கள். எழுத உட்காருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், நடுவில் தேடினால் கதை அலையும். நம் மண்ணில் இதற்குப் பஞ்சமே இல்லை. 1942இல் ஜப்பானியர் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த சயாம்–பர்மா ரயில்பாதை (சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து) 415 கிலோமீட்டர் நீளம், அதற்குத் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போன தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. திரும்பாதவனுக்கு எந்தத் தேதியில் திதி கொடுப்பது என்று தெரியாமல் பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தவித்த பெண்கள் இங்கே இருந்தார்கள், அதைவிட ஒரு கோத்திக் நிலைமையை நான் கற்பனை செய்துவிட முடியாது. இதே சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16ஆம் தேதி ஐரோப்பியத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அப்போது வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறாயா என்று சோதனை. அப்புறம் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல். ஒரு கதைக்கு ஒன்று போதும், எல்லாவற்றையும் திணித்தால் வரலாற்றுப் பாடமாகிவிடும்.

'நம்மூரில் கோட்டையே இருக்கிறதே' என்று யாராவது சொல்வார்கள். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் கெல்லி கோட்டை. 1915இல் கட்டத் தொடங்கியது, வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1926இல் லிஸ்பனில் செத்துப்போக, வேலை அப்படியே நின்றுவிட்டது. லிஃப்ட்டுக்கு விட்ட குழி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி எழுதாதீர்கள், செல்ஃபி எடுக்க வருகிற எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். கொஞ்சம் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. வேலையாட்கள் காய்ச்சலில் விழுந்து செத்தபோது அவர்கள் கேட்டு ஸ்மித் கட்டிக்கொடுத்தது என்பார்கள். அதன் கூரைச் சிலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார், அது அவர்தானாம். என்னைக் கேட்டால் கதை அங்கேதான் இருக்கிறது, தன்னை வேலை வாங்கியவனைச் சாமிகளோடு நிறுத்தி வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்கள் என்ற கேள்வியில்.

சூழலுக்கு வருவோம். நடுநிசியை விடுங்கள், பாட்டி சொன்னது மாதிரி நம் ஆட்களுக்கு இருட்டு வேலை நேரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டிப் போனவர்கள். அவர்களை மத்தியானம் மூன்று மணிக்குப் பயமுறுத்துங்கள். காற்றே இல்லாத வெயிலில் ரப்பர் காய் பட்டென்று வெடித்து, விதை தகரக் கூரையில் விழுந்து உருளும் சத்தம். பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் சிவந்து கொட்டி, அதுவரை மறைந்திருந்த பங்களா திடீரென்று லயத்திலிருந்து தெரிய ஆரம்பிப்பது. புகைபோட்டு ரப்பர் ஷீட் காயவைக்கும் கட்டடத்தில் வரிசையாகத் தொங்கும் பழுப்புத் துணி மாதிரியான ஷீட்டுகள், அவற்றுக்கு நடுவே யாரோ நடந்த மாதிரி ஒன்று மட்டும் ஆடுவது. இன்றைய கதை என்றால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கம்பத்தில் பெட்டி வைத்திருக்கிறார்களே, அந்தப் பெட்டி. சம்பளத்தில் இல்லாத தொழிலாளி, வெள்ளை முகம், இரவு ஷிப்ட்.

ஒரு எச்சரிக்கை. முனியாண்டியைப் பேயாக்காதீர்கள். சுருட்டு வாசம் வந்தால் நம் ஆட்களுக்குத் தைரியம்தான் வரும், காவல்காரர் சுற்றி வருகிறார் என்று. தினமும் வந்த அந்த வாசம் ஒரு நாள் வராமல் போனால் பயப்பட வையுங்கள்.

எவ்வளவு காட்டுவது என்பதில் ஆங்கில கோத்திக் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் சொன்னது எனக்குப் பிடிக்கும். அவர் இறந்தபின் 1826இல் வெளிவந்த கட்டுரையில் திகிலையும் கோரத்தையும் பிரித்துப் பேசுகிறார்: திகில் மனதை விரியச் செய்யும், கோரம் உறைய வைத்துவிடும். ஆனால் தன் நாவல்களில் அமானுஷ்யத்துக்கெல்லாம் கடைசியில் காரணம் சொல்லிவிடுவார், அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நான் செய்வது வேறு. பத்து விஷயத்தில் ஒன்பதுக்குக் கெட்டியான காரணம் கொடுப்பேன், ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். உதாரணமாக செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகையும் சம்பளமும் எழுதும் பதிவேடு. 1943இல் சயாமுக்குப் போன ஒருவனுக்கு 1947இல் நாள்தோறும் வருகை போட்டிருக்கிறது. கிராணி அந்தச் சம்பளத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார் என்று தெரிய வரட்டும், அது ஒன்பதில் ஒன்று. அவன் பெயருக்கு நேரே எழுதிய பாலின் எடையும் பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை, ஸ்டோரில் நிறுத்துப் பார்த்தால் சரியாக இருக்கிறது. அதற்கு மட்டும் வாய் திறக்காதீர்கள்.

பேச்சை எழுதும்போது அலங்காரம் வேண்டாம். "கிராணியாரே, அந்த ரூம்ப நான் கூட்டலீங்க." "யாரு கூட்டச் சொன்னா?" அவ்வளவுதான். பதிலுக்குப் பதிலாகக் கேள்வி வந்தாலே ஏதோ மறைக்கிறார் என்று புரிந்துவிடும்.

முடிவு. ஆங்கிலக் கதைகளில் வீடு எரியும், இடியும், ஏரியில் மூழ்கும். நம் பங்களாவை ஒரு வாரத்தில் இயந்திரம் வந்து தள்ளிவிட்டுப் போகும், அடுத்த வருடம் அங்கே தாமான், அதாவது புது வீடமைப்புப் பகுதி. இடிபடுவதைப் பக்கம் பக்கமாக வர்ணிக்காதீர்கள், ஆட்களோடு லோரியில் ஏறுங்கள். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்கு, மணியாகத் தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. தோட்டம் மூடும்போது கிழவி அதைக் கேட்டு வாங்கி, அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். அது எந்த ரயிலின் தண்டவாளம் என்று மூன்று வரைவில் எழுதிப் பார்த்து, மூன்றிலும் அடித்துவிட்டேன். பேத்தி மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கு பாட்டி" என்கிறாள்.