கல்லூரி நிதியுதவிக்கு நான் செய்த மேல்முறையீடு

அமெரிக்கத் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து 2025 மார்ச்சில் என் மகளுக்கு வந்த நிதியுதவிக் கடிதத்தில், திருப்பிச் செலுத்த வேண்டாத மானியம் சொற்பமாகவும், பெற்றோர் பெயரிலான கடன் மிகுதியாகவும் இருந்தன. கடனையும் உதவி என்று அழைக்கும் வழக்கத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

எந்த ஆண்டின் வருமானத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருந்தது. ஃபாஃப்சா (FAFSA) எனப்படும் அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவி விண்ணப்பம், 2025-26 கல்வியாண்டுக்கு 2023ஆம் ஆண்டின் வருமானத்தையே பார்த்தது. என் கணவரோ 2024 இறுதியில் வேலையை இழந்திருந்தார். இத்தகைய மாற்றங்களைச் சான்றுகளுடன் காட்டினால், கணக்கைத் திருத்தும் அதிகாரத்தை அமெரிக்க உயர்கல்விச் சட்டமே கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்கு வழங்குகிறது.

ஆகவே கெஞ்சும் தொனியைத் தவிர்த்து, வேலை போன தேதி, 2023இன் வருமானம், 2025இல் எதிர்பார்க்கும் வருமானம், எங்களால் கட்டக்கூடிய தொகை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, காப்பீடு ஏற்காத மருத்துவ ரசீதுகள் ஆகியவற்றை இணைத்தேன். வேறொரு கல்லூரி கூடுதலாகத் தர முன்வந்த கடிதத்தையும் சேர்த்திருந்தேன். தொலைபேசியில் பேசிய அலுவலர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பணிநீக்கத் தேதியைத்தான் இருமுறை கேட்டார்.

கல்லூரியில் சேர்வதை உறுதிசெய்ய வேண்டிய மே 1 கெடுவுக்குள் முடிவு வராது என்று தோன்றியதால், முன்பணம் கட்ட அவகாசமும் எழுத்துமூலம் கேட்டுப் பெற்றேன். திருத்திய கடிதத்தில் மானியம் உயர்ந்தது. கடன், பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவருக்கான அரசுக் கடன் வரம்பாகிய 5,500 டாலரோடு நின்றது. அடுத்த கல்வியாண்டின் விண்ணப்பம் 2024இன் வருமானத்தைப் பார்க்கும் என்பதாலும், அவ்வாண்டின் பெரும்பகுதி என் கணவர் சம்பளம் வாங்கியிருந்ததாலும், அதே கோப்பை மீண்டும் அனுப்ப வேண்டியிருந்தது.