ஜெர்மன் பேசிப் பழகுகிறோம், கேட்டுப் பழகுவதில்லை

ஜெர்மனிக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்களுக்கு அடிப்படை ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். கோடை நெருங்கினால் புதிதாக ஒரு கூட்டம் வரும். நோட்டை வாங்கிப் புரட்டினால் பக்கம் பக்கமாகக் கேள்விகள்: ஸ்டேஷன் எங்கே, இது எவ்வளவு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு. எதிரே நிற்பவர் என்ன பதில் சொல்வார் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. உச்சரிப்பு பிசகினால் ஜெர்மன்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆண்பால், பெண்பால் மாறிப்போனாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கைப்பணத்துக்கும் பயண நாளுக்கும் வேட்டு வைக்கும் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

'ஹால்ப் ஸீபன்' ஏழரை அல்ல

ஸீபன் என்றால் ஏழு, ஹால்ப் என்றால் அரை. இந்த இரண்டும் தெரிந்தவர் 'ஹால்ப் ஸீபன்' என்று காதில் விழுந்ததும் ஏழரை என்றே எடுத்துக்கொள்வார். ஜெர்மனில் அது ஆறரை. நாம் முடிந்துபோன மணியைச் சொல்லி அதோடு அரையைச் சேர்க்கிறோம். அவர்கள் வரப்போகிற மணியைச் சொல்லி, அதில் பாதி ஆகிவிட்டது என்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பேச்சுவாக்கில் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை என்பதால், அந்த ஆங்கிலம் பழகிய காது இன்னும் சுலபமாக ஏமாறும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, இருவரும் பணி ஓய்வு பெற்றவர்கள், ஃப்ரைபுர்கில் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கருங்காட்டுப் பகுதியில் ஒரு கிராமத்துக்குப் போனார்கள். இறங்கும்போதே கடைசி பஸ் எப்போது என்று டிரைவரிடம் ஜெர்மனிலேயே அழகாகக் கேட்டிருக்கிறார்கள். அவரும் 'ஊம் ஹால்ப் ஸீபன்' என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பேக்கரி ரசீதின் பின்பக்கத்தில் 7.30 என்று குறித்தும் வைத்துக்கொண்டார். ஏழு மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தால் ஆளே இல்லை. கம்பத்தில் இருந்த அட்டவணையில் கடைசி வரி 18.30. தங்கும் விடுதிக்குப் போன் போட்டு, அவர்கள் டாக்ஸி பிடித்து அனுப்பி, ஊர் வந்து சேர்வதற்குள் மறுநாளுக்கென்று ஒதுக்கிய பணம் கரைந்துவிட்டது.

கேள்வியைச் சரியாகக் கேட்டு, சரியான பதிலையும் பெற்று, அதற்கப்புறம் பஸ்ஸைத் தவறவிடுவது எவ்வளவு அநியாயம்! என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். 'எத்தனை மணிக்கு?' என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே போடும் கையேடுகள், ஹால்ப் பற்றி ஒரு வரி சேர்த்தால் என்ன?

பழக்கம் இப்படி இருக்கட்டும்: ஹால்ப் காதில் விழுந்தால் ஒரு மணியைக் குறைத்து அரையைச் சேருங்கள். ஹால்ப் ட்ரை இரண்டரை, ஹால்ப் ஆஹ்ட் ஏழரை. லைப்ஸிக், ட்ரெஸ்டன், ஸ்டுட்கார்ட் பக்கம் இதே கணக்கு காலுக்கும் முக்காலுக்கும் நீளும். அங்கே 'ஃபியர்ட்டல் ஸீபன்' ஆறேகால், 'ட்ரைஃபியர்ட்டல் ஸீபன்' ஆறே முக்கால். அச்சிட்ட அட்டவணையிலும் ஸ்டேஷன் ஒலிபெருக்கியிலும் 24 மணிக் கணக்குதான் என்பதால் அங்கே பயமில்லை. ஹால்ப் வருவது டிரைவர், கைடு, விடுதிக்காரர் என்று மனிதர்கள் வாயிலிருந்து. ஆகவே கேட்ட நேரத்தை 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லுங்கள்: 'ஆஹ்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஷ்?' 'யா, கெனௌ' (ஆமாம், அதேதான்) என்று வந்தால் சரி. எண்ணே நாவில் வரவில்லையென்றால் பேனாவை நீட்டி 'பிட்டே ஔஃப்ஷ்ரைபன்' என்றால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எண்களை இடமிருந்து எழுதுவது

27 என்பதை 'ஸீபன் உன்ட் ட்ஸ்வான்ட்ஸிஷ்' என்பார்கள், அதாவது ஏழும் இருபதும். காதில் முதலில் விழுந்ததை முதலில் எழுதினால் 72 ஆகிவிடும். மியூனிக் பிரதான ஸ்டேஷனில் 23-ம் நடைமேடையும் உண்டு, 32-ம் உண்டு. இரண்டும் வேறு வேறு பகுதியில் இருப்பவை, பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும் தூரம். ஒற்றை இலக்கத்தைக் கேட்டதும் வலப்பக்கம் எழுதிவிட்டு, இடப்பக்கத்தைப் பத்துக்காகக் காலியாக விடுங்கள். போனில் 'ட்ஸ்வோ' என்று கேட்டால் குழம்ப வேண்டாம், அது இரண்டுதான். இரண்டுக்கு வழக்கமான 'ட்ஸ்வை', மூன்றுக்கான 'ட்ரை'யோடு கலந்துவிடாமல் இருக்க அப்படிச் சொல்கிறார்கள்.

நோட்டை நீட்டிக்கொண்டே 'டாங்கே'

உணவகத்தில் 27 யூரோ பில்லுக்கு 50 யூரோ நோட்டைக் கொடுத்து 'டாங்கே' (நன்றி) என்றால், மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாகிவிடலாம். முதலில் வாய் திறக்க வேண்டியது தொகைக்காக. டிப்ஸோடு சேர்த்து 30 எடுத்துக்கொள்ளச் சொல்ல 'ட்ரைஸிஷ், பிட்டே'. மீதி 20 கைக்கு வந்தபிறகு நன்றி சொல்லலாம்.

ரயில் பிரியும் என்ற அறிவிப்பு

மியூனிக்கிலிருந்து விமான நிலையம் போகும் எஸ்1 ரயில் நொய்ஃபார்ன் ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். பின்பகுதி விமான நிலையத்துக்கு, முன்பகுதி ஃப்ரைஸிங்குக்கு. சரியான ரயிலில் ஏறியும் தப்பான ஊரில் இறங்கியவர்கள் உண்டு. 'ஃபோர்னே' முன்னால், 'ஹின்டன்' பின்னால். இவற்றோடு 'ஃபெல்ட் ஔஸ்' (ரயில் ரத்து), 'ஃபெர்ஷ்பேட்டுங்' (தாமதம்) இரண்டையும் காதுக்குப் பழக்குங்கள். இந்த நான்கையும் நீங்கள் ஒருமுறைகூடப் பேச வேண்டியிருக்காது, ஆனால் தினமும் கேட்பீர்கள்.

முன்பின் தெரியாதவரிடம் 'டூ'

வேண்டாம். 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். 'ஸீ' மட்டும்.

பணிப்பெண்ணை 'ஃப்ரொய்லைன்' என்று கூப்பிடுவது

திருமணமாகாத பெண்ணைக் கூப்பிடும் பழைய சொல் இது. பழைய கையேட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள். அரசு அலுவலகங்களே 1970களின் தொடக்கத்தில் கைவிட்ட சொல் அது. கையை லேசாக உயர்த்தி 'எண்ட்ஷுல்டிகுங்' (மன்னிக்கவும்) என்றால் போதும்.

'இறைச்சி வேண்டாம்' என்பதோடு நிறுத்துவது

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ஓனே ஃப்ளைஷ்' என்பதை மட்டும் பாடம் செய்துகொண்டு போகிறார்கள். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றி இறைச்சித் துணுக்குகள் கிடக்கும். அதன் பெயர் 'ஷ்பெக்', பரிமாறுகிறவர் அதை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமலும் போகலாம். தென்ஜெர்மனியில் உருளைக்கிழங்கு சாலட்டையே பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாற்றில்தான் கலக்கிறார்கள். 'இஸ்ட் டா ஷ்பெக் ட்ரின்?', 'இஸ்ட் டா ஃப்ளைஷ்ப்ரூயே ட்ரின்?' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'நைன்' என்றால் இல்லை. 'நுர் ஐன் பிஸ்ஷன்' என்ற பதிலும் வரும்; கொஞ்சம்தான் இருக்கிறது என்று அர்த்தம், தட்டைத் தள்ளி வைத்துவிடலாம். முட்டையும் சேர்க்காதவர்களுக்கு 'வெகேட்டாரிஷ்' (சைவம்) என்ற சொல் போதாது, பாலாடைக்கட்டி போட்டுத் தரும் ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் போன்ற உணவின் மாவிலேயே முட்டை இருக்கிறது. அவர்கள் 'ஓனே ஐ' என்று சேர்த்துச் சொல்லலாம், அல்லது மெனுவில் 'வேகன்' (பால், முட்டைகூடச் சேர்க்காதது) என்று குறி போட்டதைத் தேடி எடுக்கலாம்.