ஜாவாஸ்கிரிப்டில் எண்ணை 32, 16 பிட்டுக்கு ரவுண்ட் செய்வது எப்படி?

ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் எப்போதும் 64 பிட் டபுள்தான் (பின்னங்களையும் வைக்கும் ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண்). வெப்ஜிஎல் (பிரவுசரில் கிராஃபிக்ஸ் வரையும் வசதி) பஃபரிலோ ஃப்ளோட்32அரேயிலோ (32 பிட் எண்களை மட்டும் வைக்கும் அரே) போடும்போதுதான் அது சுருங்கும். சுருங்கினால் என்ன மதிப்பு மிஞ்சும் என்று முன்கூட்டியே பார்க்க, 32 பிட்டுக்கு மேத்.எஃப்ரவுண்ட் (இஎஸ்2015, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் 2015 பதிப்பு), 16 பிட்டுக்கு மேத்.எஃப்16ரவுண்ட் (இஎஸ்2025). இரண்டும் திருப்பித் தருவது டபுளையே. மதிப்பு மட்டும் சின்ன ஃபார்மட்டில் அடங்கும். தசம இடங்களைக் குறைக்க இவை உதவாது, அதற்கு டூஃபிக்ஸ்ட் இருக்கிறது.

0.1-ஐக் கொடுத்தால் முதலாவது 0.10000000149011612 தரும், இரண்டாவது 0.0999755859375. ஆகவே ஃப்ளோட்32அரேயில் 0.1-ஐப் போட்டு, எடுத்து, === வைத்து 0.1-உடன் ஒப்பிட்டால் ஃபால்ஸ்தான் வரும். ஒப்பிடும் எண்ணையும் எஃப்ரவுண்ட் செய்துவிடுங்கள்.

பெரிய எண்களில் அடி பலமாக விழும். 32 பிட்டில் 16777217 என்ற எண்ணே கிடையாது, 16777216 ஆகிவிடும். டேட்.நவ் தரும் மில்லிசெகண்டை அப்படியே ஷேடருக்கு (கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் புரோகிராம்) அனுப்பினால் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே 131072 மில்லிசெகண்ட் இடைவெளி. அனிமேஷன் இரண்டு நிமிடத்துக்கு மேல் உறைந்து நிற்கும். தொடக்க நேரத்தை டபுளிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தை அனுப்புங்கள்.

பழைய பிரவுசரில் எஃப்16ரவுண்ட் இருக்காது. எஃப்ரவுண்ட் செய்து, அந்த 32 பிட்டை 16 ஆக வெட்டினால் போதுமே என்று தோன்றும். போதாது. 1.0004882812509-ஐ எடுங்கள். 16 பிட்டில் 1-க்கு அடுத்த எண் 1.0009765625. நம் எண் இரண்டுக்கும் நடுப்புள்ளியைத் துளி தாண்டியிருப்பதால் மேலே போக வேண்டும். 32 பிட் வழியாகப் போனாலோ அந்தத் துளி முதல் ரவுண்டிலேயே தொலைந்து, எண் சரியாக நடுப்புள்ளியில் உட்கார்ந்துவிடும். இரு பக்கமும் சம தூரமானால் இரட்டைப்படைப் பக்கம், அதாவது கடைசி பிட் 0 ஆக உள்ள பக்கம், என்ற விதிப்படி 1 ஆகும். டபுளிலிருந்து ஒரே தடவையில் ரவுண்ட் செய்வதே சரி.

நீங்களே எழுதுவதென்றால்: 0, NaN (எண் அல்லாத மதிப்பு), இன்ஃபினிட்டி மூன்றையும் அப்படியே திருப்பிவிடுங்கள். மற்றவற்றின் குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மேத்.லாக்2-ஐ ஃப்ளோர் செய்து அடுக்கைக் கண்டுபிடியுங்கள். -14-க்குக் கீழே போனால் -14 என்றே வையுங்கள். அடுக்கில் 10 குறைத்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் படி அளவு. எண்ணை அதால் வகுத்து, 4503599627370496-ஐக் கூட்டி, உடனே கழியுங்கள். அது 2-இன் 52ஆம் அடுக்கு, அவ்வளவு பெரிய டபுளில் பின்னம் தங்காது, எனவே இந்தக் கூட்டல் கழித்தல்தான் ரவுண்டிங். வீண் வேலை என்று யாரும் அழித்துவிடாதபடி ஒரு கமெண்ட் போடுங்கள். மேத்.ரவுண்ட் இங்கே ஆகாது, அது 1024.5-ஐ 1025 ஆக்கும், நமக்கு வேண்டியது 1024. பிறகு படி அளவால் பெருக்குங்கள். 16 பிட்டின் உச்சமான 65504-ஐத் தாண்டினால் இன்ஃபினிட்டி. கடைசியில் குறியை ஒட்டுங்கள்.

சோதிக்க: 2049 → 2048, 2051 → 2052, 65519 → 65504, 65520 → இன்ஃபினிட்டி. மேலே சொன்ன 1.0004882812509-ஐயும் சேருங்கள், இரண்டு தடவை ரவுண்ட் செய்யும் புரோகிராம் முதல் நான்கிலும் தப்பித்து இதில்தான் மாட்டும்.