அசைவச் சமையலைச் சைவமாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைமுறையாக வீட்டில் செய்துவரும் ஓர் அசைவ உணவைச் சைவமாக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "கறிக்குப் பதிலா என்ன போடுறது?" என்பதுதான். பாதித் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சட்டிக்குள் கறி ஒரு வேலை மட்டும் பார்ப்பதில்லை. மெல்லுவதற்குப் பதமாக இருக்கிறது, கொழுப்பை விடுகிறது. ஜவ்வில் உள்ள கொலாஜன் நிதானமாக வெந்து ஜெலட்டினாகி, சாற்றுக்கு வழவழப்பைத் தருகிறது. அப்புறம், நாக்கில் நெடுநேரம் நிற்கும் அந்தச் சுவை. இத்தனையையும் ஒற்றை ஆளாகச் செய்யும் காய் எதுவும் கிடையாது. கறி இருந்த இடத்தில் உருளைக்கிழங்கைப் போட்டு மற்றதெல்லாம் பழையபடியே செய்தால் சாறு சப்பென்று போவது இதனால்தான். வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள்: மெல்லுவதற்கு மீல் மேக்கரோ பிஞ்சுப் பலாக்காயோ, கெட்டிப்பட அரைத்த முந்திரியோ குழைய வெந்த பருப்போ.

சுவைக்கு? 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இகேடா, நாக்கில் நிற்கும் அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டு, அதற்குக் காரணம் குளூட்டமேட் என்ற பொருள் என்று கண்டறிந்தார். அவர் அதைப் பிரித்தெடுத்தது கறியிலிருந்து அல்ல, கடற்பாசியிலிருந்து. பழுத்த தக்காளி, சோயா சாஸ், காளான் எல்லாவற்றிலும் அது உண்டு. காய்ந்த ஷிட்டாகே காளானில் இந்தச் சுவையைத் தூக்கிக்காட்டும் இன்னொரு பொருளும் இருப்பதால், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் வடிகட்டிச் சட்டியில் ஊற்றுங்கள்.

காளானை வதக்கும் விதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வாணலி நிறைய ஒரே தடவையில் கொட்டினால் வதங்காது, தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் துவண்டு கிடக்கும். அகலமான வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தீயைக் கூட்டி வையுங்கள். முதலில் தண்ணீர் விட்டுக் கொதிக்கும். அது சுண்டியதும் சத்தம் மாறி, எண்ணெயில் பொரியும் சடசடப்பு கேட்கும். ஓரம் சிவக்கத் தொடங்குவதும் அப்போதுதான். அந்தச் சிவப்பில்தான் வறுத்த கறியின் வாசனைக்கு நெருங்கிய ஒன்று கிடைக்கிறது. அவசரப்பட்டு அதற்கு முன்னால் இறக்கிவிடாதீர்கள்.

மீல் மேக்கரை நேரே குழம்பில் போடுவதும் தவறு. உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் உள்ளங்கையில் வைத்து இறுகப் பிழியுங்கள். மங்கலான தண்ணீர் வரும், பச்சை வாடையும் அதோடு போகும். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் இன்னும் காய்ந்து விறைப்பாக இருந்தால் மறுபடி ஊறட்டும். நன்றாகப் பிழிந்தது மட்டுமே மசாலாவை உள்ளே இழுக்கும். இறக்கிய பிறகும் இழுத்துக்கொண்டேயிருக்கும் என்பதால் சாற்றைக் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள்.

சைவம்தானே, லேசாக இருக்கட்டும் என்று எண்ணெயைக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். மசாலாவின் மணம் பெரும்பாலும் கொழுப்பில்தான் கரைகிறது. கறி விட்ட கொழுப்பைக் காய் விடாது. பழைய அளவைவிட ஒரு கரண்டி கூடவே ஊற்றுங்கள்.

வரிசையும் மாறவேண்டும். கறியோடு ஒன்றாகக் கொதித்த மசாலாவை இப்போது தனியாக, எண்ணெய் பிரியும்வரை வதக்கிச் சாற்றை முழுதாகத் தயாரித்துவிட்டு, காயைக் கடைசியில் சேர்க்க வேண்டும். உருளைக்கிழங்கு, பயறு வகைகளைப் புளிப்பில் வேகப்போட்டால் நெடுநேரம் இளகாது. அவற்றைத் தனியே வேகவைத்துக்கொள்ளுங்கள்.

பலாக்காய் நாராகப் பிரிந்து கறி போலவே தெரிந்தாலும் அதில் புரதம் மிகக் குறைவு. அது மட்டும்தான் அன்றைய சாப்பாடு என்றால் கூடவே பருப்போ சுண்டலோ இருக்கட்டும்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத அசைவம். வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி சேரும். பார்மிஜானோ ரெஜ்ஜியானோ சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். சூப் கட்டியில் கோழிச் சாறு இருக்கலாம். பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அசைவமும் சைவமும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் கொதித்தால் கரண்டி இரண்டு வேண்டும், ருசி பார்க்கும் கரண்டியும் சேர்த்துத்தான்.