வெடிக்காத தோட்டா: பழியைப் போடும் முன் பார்க்க வேண்டியவை

ஐம்பது மீட்டர் ரேஞ்சில் படுத்துச் சுடும் பயிற்சியில், ஐம்பது தோட்டாக்கள் கொண்ட ஒரே பெட்டியில் ஏழு தோட்டாக்கள் ‘டிக்’ என்ற ஓசையோடு நின்றுபோன ஒரு காலையில், எல்லோரையும் போல நானும் அதைத் தயாரித்தவரைத்தான் திட்டினேன். அந்த ஏழையும் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றியது ஒன்றுதான் அன்று நான் செய்த உருப்படியான காரியம்.

தோட்டா வெடிக்காதபோது பலரும் செய்யும் முதல் தவறு, உடனே போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் தண்டை, திறந்துவிடுவது. ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி) அடித்த பிறகும் உள்ளே தீப்பொறி மெதுவாகப் பரவி, சில நொடிகள் தாமதித்து வெடிப்பது உண்டு. குழலுக்குள் அடைபட்டிருக்கும் வரை அது வழக்கமான சுடுதான், ஆனால் போல்ட் திறந்த நிலையில் வெடித்தால் பித்தளைக் கூடு சிதறி முகத்துக்கு நேராக வரும். ஆகவே குழல்முனையை இலக்கின் பக்கமே வைத்து, குறைந்தது 30 நொடி காத்திருக்க வேண்டும். இதைவிட ஆபத்தானது, வழக்கமான ஓசைக்குப் பதிலாக ‘புஸ்’ என்று மட்டும் கேட்பது. குண்டைத் தள்ளும் மருந்து குறைவாகவோ இல்லாமலோ போனதால் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கியிருக்கலாம், அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடிக்கக்கூடும். ஓசையில் ஐயம் வந்தால் துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை வெளியே எடுத்து, போல்ட்டையும் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் தொடரக் கூடாது.

அடுத்த தவறு நுட்பமானது. நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவில், அடிபட்டதும் தீப்பொறி தரும் பிரைமர் என்ற தனிப் பகுதி கிடையாது. தீப்பொறி தரும் கலவையை ஈரமாக இட்டு, கூட்டைச் சுழற்றி, அடிவிளிம்பின் உட்குழிவுக்குள் பரவச் செய்கிறார்கள். விளிம்பின் ஓரிடத்தில் கலவை சேராமல் போனால், ஃபயரிங் பின் சரியாக அங்கே விழும்போது தோட்டா மௌனமாகிவிடும். இதை அறிந்தவர்கள், வெடிக்காத தோட்டாவைச் சற்றுத் திருப்பி மறுபடி ஏற்றிச் சுட்டுப் பார்த்து, அது வெடித்ததும் ‘பார்த்தீர்களா, தோட்டாதான் கோளாறு’ என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. முதல் அடி மெலிவாக விழுந்திருந்தாலும் இரண்டாவது அடியில் வெடிக்கலாம். சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் அறையின்) முன்பகுதியில் மெழுகும் ஈயமும் கரியும் வளையமாகப் படிந்து, தோட்டா முழுதாக உட்காராமல் இருந்தாலும் அப்படித்தான் நடக்கும், ஏனெனில் முதல் அடியின் வலு தோட்டாவை முன்னே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது.

அன்று அந்த ஏழையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வரிசையாக வைத்தேன். ஆறில் ஃபயரிங் பின் பதிந்த தடம், விரல் நகத்தால் அழுத்தியது போல் மேலோட்டமாக இருந்தது. ஒன்றில் மட்டும் விளிம்பே நசுங்கும் அளவுக்கு ஆழமாக இருந்தது. போல்ட்டைப் பிரித்தபோது, சுருள்வில்லைச் சுற்றிப் பழைய எண்ணெய் பிசினாக இறுகி, அடியின் வலுவைக் குறைத்திருந்தது. துப்பாக்கிக்கு எண்ணெய் எவ்வளவு விட்டாலும் நல்லது என்ற நம்பிக்கையின் பலன் அது. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதும் இதே வகைக் கெடுதல் செய்யும்: அதற்கென்று வடிவமைக்கப்படாத .22 துப்பாக்கிகளில் ஃபயரிங் பின் சேம்பரின் ஓரத்தை அடித்து அடித்து, ஓரமும் நசுங்கி, பின்னின் முனையும் மழுங்கும்.

பழி இடம் மாறுவது இருபுறமும் நடக்கும் என்பதற்கு வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் எம்16 துப்பாக்கி பட்ட பாடு சாட்சி. சுட்ட கூடு சேம்பரிலேயே சிக்கிக்கொண்டு வீரர்கள் தவித்தபோது, குற்றம் துப்பாக்கியின் மீது விழுந்தது. அதைச் சுத்தம் செய்யாத வீரர்கள் மீதும் விழுந்தது. சேம்பருக்குக் குரோமியப் பூச்சு இல்லாததும் துடைக்கும் கருவிகள் போதாததும் உண்மைதான். ஆனால் 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஐகார்ட் துணைக்குழு ஆராய்ந்தபோது, தோட்டாவின் மருந்து வகையைப் போதிய சோதனையின்றி மாற்றியதே முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று தெரிந்தது.

தோட்டா வெடிக்கிறது, ஆனால் குறி சிதறுகிறது என்ற புகாரில் அவசரமே பெரும் தவறு. ஐம்பது மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், அந்த அளவில் மூன்று தோட்டாக்களைச் சுட்டு ஒரு தயாரிப்பை மெச்சுவதும் ஒதுக்குவதும் சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமம். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முந்தையதன் மெழுகு குழலில் ஒட்டியிருக்கும் என்பதால், முதல் பத்து இருபது சுடுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, பிறகு பத்துப் பத்தாகச் சில தொகுதிகள் சுட்டு ஒப்பிட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) மாறினால் நடத்தையும் மாறலாம். உயர்தரத் தோட்டாக்களைக்கூட லாட் லாட்டாகத் தங்கள் குழலில் சோதித்து வாங்குகிறவர்கள் அதற்காகத்தான் செலவழிக்கிறார்கள். நம் ஊரில் கையில் கிடைத்ததைச் சுட வேண்டியிருப்பதால், பெட்டியின் மேலட்டையைக் கிழித்தெறியாமல் லாட் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வதாவது நம்மால் முடியும்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல்: வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியும் ஈரச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. பச்சை பூத்த கூட்டை ஊடுருவும் எண்ணெயால் துடைத்துப் பயன்படுத்துவது அதைவிட மோசம்; அந்த எண்ணெய் கூட்டுக்கும் குண்டுக்கும் இடையே உள்ள இடுக்கு வழியாக இறங்கி மருந்தைக் கெடுத்துவிடும்.

வெடிக்காத தோட்டாவைக் குப்பைத் தொட்டியில் போடவோ, உடைத்துப் பார்க்கவோ வேண்டாம். கிளப்பின் பொறுப்பாளரிடமோ விற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். புகார் எழுதுவதாக இருந்தால் லாட் எண், எத்தனை சுட்டதில் எத்தனை நின்றது, தடத்தின் நெருக்கப் படம், அதே லாட் வேறொரு துப்பாக்கியில் எப்படி நடந்துகொண்டது என்ற நான்கும் இருக்கட்டும். போல்ட்டைத் துடைத்துவிட்டு அதே லாட்டில் இருநூறு தோட்டாக்கள் சுட்டேன்; ஒன்றுகூட நிற்கவில்லை. ஆழத் தடம் விழுந்த அந்த ஒரு தோட்டாவைப் பற்றி மட்டும் புகார் எழுதினேன், மற்ற ஆறும் என் கணக்கில்.